ரிஜெக்ட் சாரின் கெர்னல்

சனிக்கிழமை பகல் பன்னிரண்டே காலுக்கு அண்ணி போன் செய்தாள்.

"உங்கண்ணன் பேச மாட்டேங்கறார்ம்மா. கொஞ்சம் வந்துட்டுப் போறியா?"

மற்ற வீடுகளில் இந்த வாக்கியத்துக்குப் புருஷன் பெண்டாட்டி சண்டை என்று அர்த்தம். இந்த வீட்டில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது என்று அர்த்தம். தங்கையின் வீடு மூன்று தெரு தள்ளி. மூன்று தெருவையும் செருப்பு தேய ஓடித்தான் கடந்தாள்.

அண்ணனுக்கு நரம்பு நோய். எட்டு வருடத்தில் அது விரல்களை எடுத்துக்கொண்டது, கால்களை எடுத்துக்கொண்டது, கடைசியாக நாக்கையும் எடுத்துக்கொண்டது. மிச்சம் வைத்தது இரண்டு கண்ணும் வலது கன்னத்தில் ஒரு தசையும். அந்தக் கன்னத்தை ஒட்டித் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. திரையில் எழுத்துகள் வரிசை வரிசையாக இருக்கும். ஒரு வெளிச்சம் அவற்றின் மேல் ஓடிக்கொண்டே இருக்கும். வேண்டிய இடத்துக்கு வெளிச்சம் வரும்போது அண்ணன் கன்னத்தைச் சுருக்குவான். பெட்டி அதைப் பிடித்துக்கொள்ளும். எழுத்து சேர்ந்து சொல்லாகி, சொல் சேர்ந்து வரியானதும் கம்ப்யூட்டர் அதை வாய்விட்டுப் படிக்கும். ஏற்ற இறக்கம் இல்லாத குரல்தான். ஆனால் அந்தக் குரலில் அவன் அடிக்கிற கிண்டல் மட்டும் பழைய கிண்டல்.

நோய் வருவதற்கு முன் அண்ணன் ஒரு பம்பு தொழிற்சாலையில் தரப் பரிசோதகன். அவன் கையெழுத்து இல்லாமல் ஒரு பம்பும் வாசலைத் தாண்டாது. கையெழுத்து சுலபமாகக் கிடைக்கவும் கிடைக்காது. சோதித்தவன் சரி என்று சொன்னாலும் தானே ஒருமுறை தண்ணீர் ஏற்றிப் பார்க்காமல் பேனாவைத் திறக்கமாட்டான். அங்கே அவனுக்கு 'ரிஜெக்ட் சார்' என்றே பெயர். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது, அவன் ஒரே பார்வையில் சரி என்று சொன்னதைக் கேட்டு மொத்தத் தொழிற்சாலையும் வாயைப் பிளந்ததாகச் சொல்வார்கள்.

கன்னப் பெட்டியைச் செய்த கம்பெனி எப்போதோ கடையைக் கட்டிவிட்டது. நல்ல பெட்டிதான், ஆனால் பிறவியிலேயே ஒரு கோளாறு. கம்ப்யூட்டரில் செருகியதும் ஒவ்வொரு கருவியும் 'நான் இன்னார்' என்று ஒரு படிவம் கொடுக்க வேண்டும். இந்தப் பெட்டி அந்தப் படிவத்தில் ஒரு கட்டத்தைத் தப்பாக நிரப்பிக் கொடுக்கும். அந்தக் கம்ப்யூட்டரை இயக்குகிற லினக்ஸின் நடுவில் உட்கார்ந்து எல்லாக் கருவிகளையும் மேய்க்கிற கெர்னலோ, கட்டம் தப்பினால் விண்ணப்பத்தை முகத்திலேயே விட்டெறிகிற குமாஸ்தா ஜாதி. பெட்டியை உள்ளேயே விடாது.

தங்கைக்குப் பெரிய கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கிற வேலை. நான்கு வருடத்துக்கு முன்பு அவள் உட்கார்ந்து, 'இந்தப் பெட்டி வந்தால் இந்தக் கட்டத்தைத் திருத்திக்கொண்டு உள்ளே விடு' என்று பதினொரு வரி எழுதி, அதைச் சேர்த்து அண்ணனுக்கென்றே ஒரு கெர்னல் கட்டினாள். அன்றைக்குத்தான் அவன் ஒன்றரை வருட மௌனத்துக்குப் பிறகு பேசினான்.

கட்டியது பெரிய காரியமில்லை. காப்பாற்றுவதுதான் பெரிய காரியம். லினக்ஸுக்கு ஓயாமல் அப்டேட் வரும். வருகிற அப்டேட் தன் கெர்னலைக் கொண்டுவந்து இவளுடையதன் தலைமேல் வைத்துவிட்டுப் போகும். அப்புறம் பழைய குமாஸ்தா, பழைய கதை. அதனால் அவள் 'இந்தக் கெர்னல் பேக்கேஜைத் தொடாதே' என்று ஒரு பூட்டுப் போட்டாள். தானாக நடக்கிற அப்டேட்டையெல்லாம் நிறுத்தினாள். திரைக்கு மேலே 'அப்டேட் கேட்டால் வேண்டாம் என்று சொல்லவும்' என்று காகிதம் ஒட்டினாள். ஆனால் ஒரேயடியாகப் பூட்டியே வைத்தால் பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாது. அதற்காக இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பூட்டைத் திறந்து, புது கெர்னலை எடுத்து, பதினொரு வரியைச் சேர்த்து, மறுபடி கட்டி, மறுபடி பூட்டுவாள். இந்தக் காவலுக்காக வெளியூர் வேலைகள் இரண்டை வேண்டாம் என்று விட்டிருந்தாள். மூன்றாவதை அண்ணன்தான் பிடிவாதமாக ஒத்துக்கொள்ள வைத்தான். கடல் தாண்டி வேலை. வரும் புதன்கிழமை கிளம்ப வேண்டும்.

அவள் உள்ளே நுழைந்தபோது அண்ணன் ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தான். திரையில் வெளிச்சம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவன் கன்னம் துடித்தது, துடித்தது, ஒன்றும் நடக்கவில்லை. அதைப் பார்க்க அவளுக்குத் தாளவில்லை.

"காலைல நல்லாத்தான் பேசிட்டிருந்தார். தைச்ச சீருடையெல்லாம் பள்ளிக்கூடத்துல குடுத்துட்டு வரேன்னு போனேன். திரும்பி வந்து பார்த்தா இப்படி." அண்ணியின் கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது, கழற்றக்கூடத் தோன்றவில்லை. கையில் எழுத்து அட்டை வைத்திருந்தாள். கம்ப்யூட்டர் வருவதற்கு முன் இருந்த ஏற்பாடு அது. இருநூற்று நாற்பத்தேழு எழுத்தும் கட்டம் கட்டமாக இருக்கும். விரலை நகர்த்திக்கொண்டே போனால், சரியான இடத்தில் அண்ணன் கண்ணை மேலே தூக்குவான். மேலே என்றால் ஆமாம், கீழே என்றால் இல்லை.

"ஏதோ சொல்ல வரார். 'நா'வரைக்கும் வந்துடுச்சு. நாற்காலியைத் திருப்பணுமாங்க? இல்லையா? நாக்கு வறளுதா?"

அண்ணன் கண் கீழே, கீழே, கீழே.

"அண்ணா, கொஞ்சம் பொறு. இதைச் சரி பண்ணிட்டு நிதானமா பேசலாம்," என்றாள் தங்கை, கீபோர்டை இழுத்து மடியில் வைத்தபடி. அட்டையில் அடுத்த எழுத்து என்ன என்று கேட்க அவளுக்குப் பொறுமை இல்லை. கம்ப்யூட்டர்காரர்களுக்கே உரிய வியாதி இது. எதிரே ஆள் சொல்ல வருவதைக் கேட்கமாட்டார்கள். மெஷின் சொல்வதைத்தான் கேட்பார்கள்.

மெஷின் சொன்னது இதுதான்: ஓடுவது அவள் கட்டிய கெர்னல் இல்லை, அப்டேட்டில் வந்தது. அவளுடையது இருந்த சுவடே இல்லை. பூட்டையும் காணோம். பூட்டு தானாக விழாது. யாரோ முறைப்படி கட்டளை கொடுத்துத் திறந்திருக்கிறார்கள்.

"அண்ணி, உங்க தம்பி வந்தானா?"

"நேத்து சாயங்காலம் வந்தான். ஏன்?"

வேறென்ன சாட்சி வேண்டும்? நேற்று மாற்றிய கெர்னல், மெஷின் அணைந்து எழும்பிய பிறகுதானே வேலையைக் காட்டும். அண்ணியின் தம்பி போன் கடை வைத்திருக்கிறான். கண்ணில் படுகிற எதையும் அப்டேட் செய்யாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. போன வருடம் அண்ணியின் போனை அப்டேட் செய்துவிட்டுப் போனதில், அவள் ஒரு வாரம் யாருடைய அழைப்பையும் எடுக்கத் தெரியாமல் விழித்தாள். தங்கை அவனுக்குப் போன் போட்டாள்.

"டேய், அண்ணன் கம்ப்யூட்டரைத் தொட்டியா?"

"இல்லக்கா. கிரிக்கெட் பேசிட்டிருந்தோம், அவ்ளோதான்."

"பொய் சொல்லாத. கை சும்மா இருக்காதே உனக்கு! அவர் பேச்சையே புடுங்கிட்டுப் போயிருக்க, தெரியுமா? ஒரு காகிதம் ஒட்டி வெச்சிருக்கேனே, படிக்கத் தெரியாதா?"

"சத்தியமா இல்லக்கா..."

"உன் சத்தியத்தை நீயே வெச்சுக்கோ."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அண்ணன் கண்கள் கீழேயே நின்றிருந்தன. பாவம், களைத்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற அண்ணியோ தன் தம்பிக்கு விழுந்த திட்டைத் தனக்கு விழுந்ததாக எடுத்துக்கொண்டு, சமையலறைக்குப் போய்விட்டாள்.

பதினொரு வரியும் கெர்னலின் மூல நிரலும் அந்தக் கம்ப்யூட்டரிலேயே பத்திரமாக இருந்தன. ஆனால் அது கிழட்டு மெஷின். மறுபடி கட்டி முடிக்க மூன்று மணி நேரம் பிடிக்கும். கட்டளையைக் கொடுத்தாள். திரையில் வரிகள் சரசரவென்று ஓட ஆரம்பித்தன. இனிமேல் செய்ய ஒன்றும் இல்லை. மனம் அந்தச் சமயம் பார்த்துத்தான் வேலையைத் தொடங்கியது.

இன்றைக்குச் சரி, மூன்று தெரு தாண்டி ஓடி வந்தாள். புதன்கிழமைக்குப் பிறகு? அவள் எங்கோ ஒரு நாட்டில் தூங்கிக்கொண்டிருக்கும்போது இவன் இப்படிக் கன்னத்தை அடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அண்ணி அட்டையை வைத்துக்கொண்டு நாற்காலியா நாக்கா என்று கேட்டுக்கொண்டிருப்பாள். அந்தக் காட்சி கண்முன் வந்ததும் அவள் முடிவெடுத்துவிட்டாள். எழுந்து சமையலறை வாசலில் போய் நின்றாள்.

"அண்ணி, நான் போகல."

அண்ணி அடுப்பை அணைத்தாள். "எங்க போகல?"

"வேலைக்கு. திங்கக்கிழமை சொல்லிடறேன்."

"அதை அவர்கிட்ட சொல்லு பார்ப்போம். இந்த வேலைக்கு நீ சரின்னு சொன்ன அன்னைக்கு ராத்திரி சாப்பாட்டுல ரெண்டு கரண்டி கூட இறங்குச்சு அவருக்கு. நீ இங்கயே கிடக்கறது தன்னாலதான்னு அவருக்கு எவ்ளோ குத்துது தெரியுமா? நாலு வருஷமா நீ வாசல்படி ஏறும்போதெல்லாம் சந்தோஷப்படறார், இறங்கும்போதெல்லாம் சங்கடப்படறார். கூட இருக்கற எனக்குத் தெரியும்மா அது."

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, திரையில் கெர்னல் கட்டுகிற வரிகள் ஓடுகிற ஜன்னலுக்குப் பக்கத்தில் இன்னொன்றைத் திறந்தாள். அண்ணியின் தம்பியைக் கையும் களவுமாகப் பிடித்தாலாவது மனம் ஆறும் என்று தோன்றியது. யார், எத்தனை மணிக்கு, என்ன கட்டளை கொடுத்தார்கள் என்று கம்ப்யூட்டர் எழுதி வைக்கிற பதிவேடு அது.

நேற்று சாயங்காலம் ஒன்றுமே இல்லை. எல்லாம் இன்று காலைதான். ஒன்பது இருபதுக்குப் பூட்டைத் திறந்த கட்டளை. ஒன்பது முப்பத்துநாலுக்கு கெர்னலை மட்டும் அப்டேட் செய்த கட்டளை. அது இறங்கி முடிக்கவே பத்தைத் தாண்டியிருக்கிறது. பிறகு பத்து இருபத்தெட்டுக்கு ஒன்று, பத்து ஐம்பத்தொன்றுக்கு இன்னொன்று. அவள் விரல் நின்றது. போன் கடைக்காரன் நாலு கட்டளையையும் நாற்பது வினாடியில் தட்டிவிட்டுப் போயிருப்பான். இந்த வீட்டில் ஒரு வரி அடிக்கக் கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிற ஆள் ஒருவன்தான்.

அவள் மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீயா?"

கண் மேலே போனது.

"நா... நான்தான்னு சொல்ல வந்தியா?"

மறுபடி மேலே. அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவன் மெஷின் அவன் சொத்து, சாவி அவனிடம் இல்லாமல் எப்படி என்று பாஸ்வேர்டைக் கொடுத்து வைத்தவளே அவள்தான்.

மிச்சக் கட்டளைகளைப் படித்தாள். புது கெர்னலில் ஒரே ஒருமுறை மட்டும் எழும்பு. பத்து நிமிடம் கழித்துத் தானாக அணைந்து, பழையதற்கே திரும்பி வா. இதுதான் அவன் செய்திருந்த ஏற்பாடு. அரைகுறை ஆள் செய்கிற வேலை இல்லை இது. பம்பில் தண்ணீர் ஏற்றும் முன் வடிகால் திறந்திருக்கிறதா என்று பார்க்கிறவன் செய்கிற வேலை. பத்து நிமிடம் ஊமையாக இருந்துவிட்டு, அண்ணி வருவதற்குள் பேச்சைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறான். எல்லாம் சொன்னபடியே நடந்திருக்கிறது. மெஷின் திரும்பவும் எழுந்திருக்கிறது. பழையது மட்டும் அங்கே இல்லை.

ஏன் இல்லை என்பது அவளுக்கு அடுத்த நொடியே விளங்கிவிட்டது. நான்கு வருடத்துக்கு முன்பு, அவசரத்தில், தான் கட்டிய கெர்னலுக்கு அப்டேட்டில் வருவதன் பெயரையே வைத்திருந்தாள். வேறு பெயர் வைத்திருந்தால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்கும். ஒரே பெயர் என்பதால் புதியது வந்து பழையதை அழித்துவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. பூட்டுமேல் பூட்டாகப் போட்டவளுக்கு இது தோன்றவே இல்லை. அண்ணன் எப்படி எதிர்பார்ப்பான்? தப்பு முழுக்க அவளுடையது. ஆனால் எதற்காக இதெல்லாம் செய்தான்?

"அண்ணா, எதுக்கு இது? மெயில்ல எதாவது இருக்கா? பார்க்கலாமா?"

அவன் கண்ணை மேலே தூக்கினான். இந்தத் தடவை அவள் அது முழுதாக மேலே போய் இறங்கும்வரை காத்திருந்துதான் திறந்தாள்.

கடிதம் ஐந்து வாரத்துக்கு முன்பு தொடங்கியிருந்தது. கெர்னலில் அந்தப் பகுதியைக் கவனித்துக்கொள்கிற யாரோ ஒரு முகம் தெரியாத ஆளுக்கு அண்ணன் ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். 'ஐயா, என் தங்கை எழுதிய பதினொரு வரியை இத்துடன் வைத்திருக்கிறேன். இதனால்தான் நான் பேசுகிறேன். இதை உங்கள் கெர்னலிலேயே சேர்த்துக்கொண்டால் என் பேச்சை யாரும் காவல் காக்க வேண்டியதில்லை. எந்த அப்டேட் வந்தாலும் இந்த வரிகள் அதோடு சேர்ந்தே வரும். என்னைப்போல இந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு வாயடைத்துக் கிடப்பவர்கள் இன்னும் எங்கெங்கோ இருப்பார்கள். என் தங்கை கெட்டிக்காரி. அவள் என் வீட்டு வாசலிலேயே நின்றுவிடக் கூடாது.'

நான்கு நாளில் பதில் வந்திருந்தது. திருத்தம் சரியாகத் தெரிகிறது. இரண்டு காரியம் பாக்கி. ஒன்று, எங்கள் இப்போதைய கெர்னலைத் துளியும் மாற்றாமல் ஓட்டி, பெட்டி வேலை செய்யவில்லை என்று காட்டும் பதிவை அனுப்புங்கள். இரண்டு, எழுதியவர் தன் பெயரிட்டு ஒப்பமிட வேண்டும்.

ஆக, ரிஜெக்ட் சார் சோதனை நடத்தியிருக்கிறார். தங்கையிடம் கேட்டிருந்தால் அவளே தன் மெஷினில் நடத்திக் கொடுத்திருப்பாள். ஆனால் தான் தண்ணீர் ஏற்றிப் பார்க்காமல் அவன் எதற்குத்தான் சரி என்று சொல்லியிருக்கிறான்? தங்கை முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அண்ணி ஓடி வந்து, விஷயத்தைக் கேட்டு, "ஏங்க, புத்தி கித்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று கத்திவிட்டு, கத்திய கையோடு அவன் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

மூன்றரை மணிக்குக் கெர்னல் தயாரானது. இந்த முறை அதற்குத் தனிப் பெயர். அப்டேட்டில் வருவது ஒரு பக்கம், இது ஒரு பக்கம். ஒன்றை ஒன்று தொடமுடியாது. மெஷின் எழும்பும்போது கீழ் அம்புக்குறியை ஒரு தட்டு, என்டரை ஒரு தட்டு. அவ்வளவுதான் என்று அண்ணிக்கு மூன்று தடவை செய்து காட்டினாள். நான்காவது தடவை அண்ணியே செய்தாள். "இதுக்கா இத்தனை வருஷம் என்னைத் தொடாதே தொடாதேன்னு மிரட்டி வெச்சே?" என்றாள்.

திரையில் வெளிச்சம் ஓடியது. அண்ணன் கன்னத்தைச் சுருக்கினான். வெளிச்சம் நின்றது. எழுத்து எழுத்தாகச் சேர்ந்து, ஏற்ற இறக்கம் இல்லாத அந்தக் குரல் முதலில் சொன்னது இதுதான்:

"மச்சான்கிட்ட மன்னிப்பு கேளு."

கேட்டாள். அவன் கடையில் இருந்தபடியே, "பரவால்லக்கா, அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்தா எனக்கும் கை அரிக்கத்தான் செய்யும்," என்று சிரித்துவிட்டான். அண்ணியின் முகத்திலும் தெளிவு வந்தது.

பிறகு தங்கை கடிதத்தை எடுத்தாள். அண்ணன் ஊமையாகக் கிடந்த நேரத்துப் பதிவில், பெட்டி செருகப்பட்டதும் கெர்னல் அதை வேண்டாம் என்று தள்ளியதும் நேரத்தோடு எழுதியிருந்தது. கேட்ட சாட்சி அதுவேதான். அதைச் சேர்த்தாள். பதினொரு வரியைச் சேர்த்தாள். கீழே 'எழுதி ஒப்பமிட்டவர்' என்ற இடத்தில் தன் பெயரை அடித்தாள். அடித்துவிட்டு அண்ணனைப் பார்த்து, "இது சேர்றவரைக்குமாவது நான் இருக்கேனே," என்று இழுத்தாள்.

அவன் கண் கீழே போனது. பிறகு கன்னம் வேலை செய்தது. வெகுநேரம்.

"ரிஜெக்ட். ஏழாவது வரி கடைசில தேவையில்லாம ஒரு காலி இடம்."

உண்மையாகவே இருந்தது. நான்கு வருடமாக அவள் கண்ணில் படாத காலி இடம். அதை எடுத்துவிட்டு, "இப்போ?" என்றாள்.

"புதன்கிழமை நீ கிளம்பற. இது என் வேலை. நான் பார்த்துக்கறேன்."

தங்கை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அண்ணி அவள் தோளில் கை வைத்து அழுத்தினாள். அண்ணன் கண்ணோ திரையைவிட்டு விலகவில்லை. தங்கையின் பெயருக்குக் கீழே இன்னும் ஒரு வரி காலியாக இருந்தது. அந்த ஆட்கள் வைத்திருக்கிற முறை அது. எழுதியவர் பெயருக்கு அடுத்து, அதை ஓட்டிப் பார்த்து உறுதி சொன்னவர் பெயர் வரலாம். வெளிச்சம் அந்த வரிக்கு வந்து நின்றது. 'பரிசோதித்தவர்' என்பதற்கான ஆங்கிலச் சொல் எழுத்தெழுத்தாக விழுந்தது. அதன் பிறகு அண்ணனின் பெயர், தலைப்பெழுத்தோடு.

கை விழுந்த நாளிலிருந்து அவன் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. வங்கித் தாளிலிருந்து ஆஸ்பத்திரிப் படிவம்வரை எல்லாவற்றிலும் அண்ணிதான் போட்டுக்கொண்டிருந்தாள். பாதிப் பெயரில் கன்னம் களைத்து இரண்டு தடவை எழுத்து தவறியது. அவன் அழித்துவிட்டு மறுபடி போட்டான். கை நீட்டி ஒரு தட்டுத் தட்டினால் முடிந்துவிடும் என்று தங்கையின் விரல்கள் பரபரத்தன. அவள் அவற்றை மடியில் கோத்து இறுக்கிக்கொண்டாள். கடைசி எழுத்து விழுந்ததும் அவன் மேலிருந்து கீழ்வரை கடிதத்தை இன்னொரு முறை படித்தான். அப்புறம்தான் வெளிச்சத்தை 'அனுப்பு' என்ற பொத்தானுக்குக் கொண்டுபோனான்.

"பாஸ்," என்றது அந்தத் தட்டையான குரல்.